தொட்டிலில் தொடங்கும் கணக்கு
எந்த வயதில் எந்த வியாதிக்கு அஞ்ச வேண்டும்? டில்லியிலேயே நடந்த ஆராய்ச்சி சொல்லும் பாடம்

முப்பது வயதில் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னால், "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தேன்" என்றுதான் எவரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெற்கு டில்லியில் 1969-ம் ஆண்டு எழுதத் தொடங்கிய சில பதிவேடுகளில் இருக்கிறது.

அந்த ஆண்டு டிசம்பரில், லாஜ்பத் நகரும் அதைச் சுற்றியுள்ள காலனிகளும் அடங்கிய 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. வீடு வீடாகச் சென்று மணமான பெண்கள் 20,755 பேரின் பெயர்களைப் பதிந்து கொண்டார்கள். 1972 நவம்பர் வரை அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 8,181. சப்தர்ஜங் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர்களான டாக்டர் சாந்தி கோஷ், டாக்டர் எஸ். கே. பார்கவா ஆகியோர் முன்னின்று நடத்திய வேலை இது. பிறந்த சில நாட்களுக்குள் எடையும் நீளமும் அளந்தார்கள். 3, 6, 9, 12-வது மாதங்களிலும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அதே வீட்டுக்குப் போய் அளந்தார்கள். தராசு, அளவு நாடா, நோட்டுப் புத்தகம் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். பிள்ளைகள் வாலிபர்களாகும் வரை இந்த வேலை நிற்கவில்லை.

அந்தக் குழந்தைகளில் 1,492 பேரை 26 முதல் 32 வயதுக்குள் மறுபடி தேடிப் பிடித்து இரத்தப் பரிசோதனை செய்தார்கள். முடிவு 2004-ல் வெளியாயிற்று. 100-க்கு 4.4 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டிருந்தது. இன்னும் 10.8 பேர் அதன் வாசற்படியில் நின்றார்கள். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். முப்பது வயதுகூட நிரம்பாத பலரும் இதில் சேர்த்தி.

பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. இந்த ஏழில் ஒருவர் இரண்டு வயது வரை பெரும்பாலும் மெலிந்த குழந்தையாக இருந்தவர். அதற்குப் பிறகு, மற்றக் குழந்தைகளைவிட வேகமாக எடை கூடியவர். ஆனால் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட டாக்டர் கணக்குப்படி குண்டுப் பிள்ளை அல்ல. 'நோஞ்சானாக இருந்தவன் இப்போது தேறிவிட்டான்' என்று எந்தத் தாயும் மகிழ்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள்தாம்.

ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனி ஆபத்து உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வயதில் வருகிற வியாதிக்கு அதற்கு முந்திய வயதிலேயே வித்து விழுந்துவிடுகிறது என்பது இந்தப் பதிவேடுகள் சொல்லும் செய்தி. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழி பிள்ளை வளர்ப்புக்குச் சொன்னது. உடம்புக்கும் அது பொருந்துகிறது.

கூடிய இருபது ஆண்டுகள்

இதைப் பற்றி இன்று பேச வேண்டியதற்குக் காரணம் ஆயுள் நீண்டிருப்பதுதான். 1970-75 கணக்கின்படி இந்தியனின் சராசரி ஆயுள் 49.7 ஆண்டுகள். இன்று சுமார் 70. 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. 2023-ல் அந்த எண்ணிக்கை 25. பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்நாட்டில் இல்லை. 1994 அக்டோபர் 2-ம் தேதி டில்லியில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து இயக்கம் நாடெங்கும் பரவி, 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ நோய் ஒருவருக்கும் வரவில்லை.

அன்று தொட்டிலில் காத்திருந்த எமன் இன்று நாற்பது வயதில் ஆபீஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறான். கிடைத்த இருபது ஆண்டுகளை நடமாட்டத்தோடு கழிப்பதா, படுக்கையில் கழிப்பதா என்பது அதற்கு முந்திய ஆண்டுகளில் தீர்மானமாகிறது. ஊரையும் உறவையும் விட்டு வந்து, ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தலைநகர்த் தமிழர்களுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையும் ஆகும்.

முதல் ஆயிரம் நாட்கள்

கருவில் 270 நாள், பிறந்த பின் இரண்டு ஆண்டு. மொத்தம் ஆயிரம் நாள். மூளையும் உறுப்புகளும் உருவாகும் காலம் இது. டில்லிக் குழந்தைகளின் பதிவேடுகளைப் பிரேசில், குவாதமாலா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் இதே மாதிரி பதிவேடுகளோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் நன்றாக வளர்ந்த குழந்தை உயரமாகிறது, படிப்பிலும் நிலைக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பின் உயரத்துக்கு மிஞ்சி ஏறும் எடையால் லாபம் குறைவு. இரத்த அழுத்தமும் ஊளைச்சதையும்தான் மிச்சம். ஆகவே ஊட்ட வேண்டிய வயது முதல் இரண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு தாய்ப்பாலோடு பருப்பு, நெய், முட்டை சேர்த்த மசித்த சாதம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

தாயின் உடம்பே குழந்தையின் முதல் வீடு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை. ஆண்களில் 25 பேருக்குத்தான். எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. கர்ப்ப காலத்தில் மட்டும் தலைகாட்டும் சர்க்கரையும் உண்டு. சென்னை டாக்டர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் வலியுறுத்திய எளிய பரிசோதனையில், கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரத்தில் இரத்தம் பார்த்துவிடலாம். அதைக் கவனியாமல் விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு கூடுகிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஏழு மாதம் டில்லி ஆஸ்பத்திரிச் சீட்டு. மீதி திருநெல்வேலியிலோ சேலத்திலோ. இங்கே செய்த பரிசோதனை அங்கே தெரிவதில்லை. தமிழ்நாட்டில் பிரசவம் பார்க்க வேண்டுமானால் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து 'பிக்மி' எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். குழந்தையோடு டில்லி திரும்பும்போது தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வைத்துக் கொள்ள வேண்டும். பாதி ஊசி அங்கே, பாதி இங்கே என்று போட்டுக் கடைசியில் இரண்டு ஊசி விட்டுப்போன பிள்ளைகள் உண்டு.

பள்ளிப் பருவம்

இந்த வயதில் சாவு குறைவு. அதனாலேயே கவனமும் குறைவு. ஆனால் நுரையீரல் இருபது வயதை ஒட்டியும், எலும்பு முப்பது வயது வரையிலும் வலுவைச் சேர்த்துக் கொண்டிருக்கின்றன. இது பிராவிடண்ட் பண்டு மாதிரி. அந்த வயது வரை போட்டு வைப்பதுதான் வரவு. அப்புறம் எடுத்துச் செலவழிப்பதுதான்.

டில்லியில் நுரையீரல் கணக்கில் பற்று அதிகம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காகக் கல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையம் செய்த ஆய்வில், டில்லிப் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 43.5 பேருக்கு நுரையீரல் வலு குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமத்துப் பிள்ளைகளில் 25.7 பேருக்குத்தான். நவம்பர், டிசம்பர் மாதங்களில் புகைமூட்டம் கவிந்த காலையில் பிள்ளையை ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பாமல் இருப்பதும், இழுப்பு வந்தால் 'சளிதானே' என்று விடாமல் டாக்டரிடம் காட்டுவதும் பெற்றோர் செய்யக்கூடியவை. எலும்புக்கு வெயிலும் விளையாட்டும் வேண்டும். பருவமடைந்த பெண்ணுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். இதைப் பள்ளிகளில் கொடுக்கும் திட்டமே உண்டு. 'வயிற்றைப் புரட்டுகிறது' என்று தூக்கி எறியாமல் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்ல வேண்டும்.

பதினைந்து முதல் முப்பது

வாலிபர்களை வியாதியைவிட வீதியே அதிகம் கொல்கிறது. உலக அளவில் இளைஞர் சாவுக்கு முதல் வரிசைக் காரணங்களில் சாலை விபத்தும் தற்கொலையும் அடங்கும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு அது போலீஸ்காரருக்கான பொருளாகத் தெரிகிறது.

இரண்டாவது விஷயத்தை வீடுகளில் பேசுவதில்லை. முனிர்க்காவிலோ கோட்லாவிலோ ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கி, பாஷை தெரியாமல், பரீட்சைக்குப் படிக்கும் பையனும், வேலை நிரந்தரமாகாத வாலிபனும் ஊருக்குப் போன் செய்யும்போது 'நன்றாயிருக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் ஒருவன் இருந்தால் பக்கத்துப் படுக்கைக்காரன் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நெருக்கமான அறைகளில் காச நோயும் பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை அவசியம். மருந்து இலவசம். சிகிச்சையின்போது சத்துணவுக்காகத் தரும் தொகையை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காச நோய் பற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. இரண்டில் ஒன்று இருந்தால் மற்றதையும் பார்த்துவிடுவது நல்லது.

முப்பதுக்கு மேல்: நாற்காலியின் விலை

டில்லி, சென்னை, கராச்சி ஆகிய மூன்று நகரங்களில் 2010 முதல் நடந்த ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் டில்லியில் 100-க்கு 25.2 பேர், சென்னையில் 22.8 பேர். நம்மவர் விட்டு வந்த ஊரிலும் நால்வரில் ஒருவர், வந்து சேர்ந்த ஊரிலும் நால்வரில் ஒருவர் என்றே வைத்துக் கொள்ளலாம்.

ஒல்லியாக வளர்ந்த உடம்பில் தசை குறைவு. அதன்மேல் ஏறும் கொழுப்பு வயிற்றில் தங்குகிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்த உருவத்தை எந்த ஆபீசிலும் பார்க்கலாம். ஊரில் இரண்டு மைல் நடந்தவர் இங்கே பஸ்ஸிலிருந்து மெட்ரோவுக்கும் மெட்ரோவிலிருந்து லிப்டுக்கும் நடக்கிறார். பதினொரு மணிக்கு டீயோடு சமோசா, மத்தியானம் சாதம், மாலையில் மறுபடி டீ, பிஸ்கட். இராத்திரி ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் மோர்சாதம் இறங்குவதில்லை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்கு உட்பட்டு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

தராசைவிட அளவு நாடா நம்பகமானது. தொப்புளை ஒட்டிய சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. வெள்ளைக்காரர்களுக்கு வகுத்த அளவு இதைவிடத் தாராளமானது. அதை வைத்து நம்மவர் நிம்மதி அடைவதற்கில்லை.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. இந்திய ரயில்வே மருத்துவக் கையேட்டின் 2000-ம் ஆண்டுப் பதிப்பின்படி, என்ஜின் டிரைவர் முதலான முதல் வகைச் சிப்பந்திகளுக்கு 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறையும், 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். வயது ஏற ஏற இடைவெளி குறைகிறது. வயதோடு ஆபத்து மாறும் என்பதை அறிந்து வகுத்த விதி இது. மேஜை வேலை பார்க்கும் சி வகைக் குமாஸ்தாவுக்கு, வேலையில் சேர்ந்தபோது பார்த்ததோடு சரி. டிரைவரின் உடம்பை நம்பி ஆயிரம் பிரயாணிகள் இருக்கிறார்கள் என்பது நியாயமே. குமாஸ்தாவின் உடம்பை நம்பியும் வீட்டில் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

ஆகவே அந்த விதியைத் தனக்குத் தானே போட்டுக் கொள்வது புத்திசாலித்தனம். முப்பது வயதிலிருந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அதே வயது முதல் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனை. புகையிலை போடுகிறவர்களுக்கு வாய்ப் பரிசோதனை. இவற்றை அரசு சுகாதார மையங்களில் காசில்லாமல் செய்யும் திட்டம் இருக்கிறது. 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்பதுதான் போகாமலிருக்கச் சொல்லும் காரணம். இரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. மாரடைப்போ பக்கவாதமோ வரும் வரை அது வாய் திறப்பதில்லை.

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. இருதய நோயில் அதுவரை இருந்த சலுகையும் போகிறது. மாரடைப்பு ஆண்களுக்குத்தான் என்று எண்ணி, மனைவியின் மூச்சுத் திணறலையும் தாடை வலியையும் வாயுத் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அறுபதுக்கு அப்பால்

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரை எழுபது வயதில் டில்லிக்கு அழைத்து வருகிறார்கள். வேப்பமர நிழலில் கட்டில் போட்டுப் படுத்தவருக்கு மூன்றாவது மாடி பிளாட். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. ஊர்ப் பழக்கத்தில் ஜனவரி மாதம் காலை ஐந்து மணிக்கு வாக்கிங் போவது ஆபத்து. வெயில் ஏறி, பனிப்புகை விலகிய பின் போகலாம். மே, ஜூன் வெப்பத்தில் இன்னொரு சங்கடம். வயது ஏறினால் தாக உணர்ச்சி மங்கிவிடுகிறது. 'தாகமில்லை' என்று அவர்கள் சொன்னாலும் மணிக்கு ஒரு தடவை தண்ணீரோ மோரோ கொடுக்க வேண்டும்.

முதியவர்களைப் படுக்கையில் தள்ளும் காரணங்களில் முக்கியமானது குளியலறை. ஈரத் தரையில் ஒரு முறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடையைப் பெறுவதே இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, கண்புரை நீக்கம் ஆகிய மூன்றும் ஆபரேஷன் செலவைவிட மலிவு. பல மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு எழுந்தவுடன் தலை சுற்றினால் மாத்திரைப் பட்டியலை டாக்டரிடம் காட்ட வேண்டும். தலைசுற்றலுக்கு இந்தியில் 'சக்கர்' என்று சொல்லத் தெரியாத பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தனியே அனுப்பக் கூடாது.

கார்டு யாருக்கு, கவலை யாருக்கு?

மத்திய அரசுச் சிப்பந்திகளுக்கு 1954-ல் டில்லியில் தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். இருக்கிறது. ரயில்வேக்குத் தனி ஆஸ்பத்திரி. தொழிலாளர்களுக்கு 1952 பிப்ரவரி 24-ம் தேதி கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ.; அதன் சம்பள வரம்பு 2017-ல் மாதம் 21,000 ரூபாயாக உயர்ந்தது. வரம்பைத் தாண்டியவர்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் இந்த மூன்றிலும் சேராதவர்கள். ஜங்புரா நாலா ஓரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-ம் தேதி இடிபட்டது. தகுதி பெற்றவர்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. பக்கத்திலேயே சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் இருந்த கர்ப்பிணிக்கும் கிழவருக்கும் இப்போது அவை சுமார் 40 கிலோமீட்டர் தூரம்.

எழுபது நிரம்பியவர்களுக்கு 2024-ல் வந்த 'வய வந்தனா' கார்டு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் சிகிச்சை தருகிறது. டில்லியில் 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. வருமான வரம்பு இல்லை. ஆதாரில் உள்ள வயதே கணக்கு. சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோரை அழைத்து வந்திருப்பவர்கள் ஆதாரில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக் கொள்ளலாம். பல பெரியவர்களுக்கு அதில் ஏதோ ஒரு ஜனவரி 1-ம் தேதிதான் இருக்கும்.

ஆனால் இந்தக் கார்டுகளில் பெரும்பாலானவை வியாதி வந்து படுத்த பின் பயன்படுபவை. முப்பது வயதுக்காரரைப் பிடித்து இழுத்து வந்து இரத்த அழுத்தம் பார்க்க எந்தக் கார்டும் வராது. வீட்டுக்கு ஒரு நோட்டு போட்டு, குழந்தையின் எடை, தடுப்பூசித் தேதி, மனைவியின் இரத்த அளவு, தன் இடுப்புச் சுற்றளவு, அப்பாவின் இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வரலாம். ஊருக்குப் போனாலும் வீடு மாறினாலும் எந்த டாக்டரும் அதைப் பார்த்தால் பாதிக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது. நோட்டின் விலை முப்பது ரூபாய். பரிசோதனைக்கு அரை நாள் லீவு.